அண்ணனின் ஜீப்பில் ஸ்பெயின் பாட்டு

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரை வாங்கி, அட்டைப் படத்தைப் பார்த்துக் கண்கலங்கி, உள்ளே இருப்பதைப் படிக்காமலே மடித்துப் பையில் வைக்கப்போகும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அண்ணன் அனுப்பிய எதையும் நாம் திறந்து பார்த்ததில்லை. இதையாவது கடைசி வரை படித்துவிடுங்கள்.

அண்ணன் பிறந்தது வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில். அப்பாவும் அம்மாவும் உத்தமபாளையத்திலிருந்து மலையேறி வந்து அங்கேயே தங்கிவிட்டவர்கள். அண்ணன் பத்தாம் வகுப்பில் இருக்கும்போது அப்பா தவறிப்போனார். அடுத்த மாதமே அண்ணன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஜீப்பில் கிளீனராகத் தொற்றிக்கொண்டார். என்னை டீச்சர் ஆக்கியது அந்த ஜீப்புதான். பிறகு சொந்த வண்டி, மதினி, குமுளியில் ஒரு சின்ன வீடு, இரண்டு பிள்ளைகள் என்று வாழ்க்கை நிலைகொண்டது. அண்ணன் பசி தாங்கமாட்டார். சீட்டு விளையாட்டில் தோற்றால் அன்று யாரோடும் பேசமாட்டார். இதையெல்லாம் விட்டுவிட்டு உத்தமர் என்று மட்டும் எழுதினால் மதினியே சிரிப்பார்.

தினமும் விடிவதற்கு முன்பே மலையிறங்கிப் போய், ஏலத்தோட்ட வேலைக்கு வரும் அடிவாரத்துக் கூடலூர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு மேலே வருவார். அவர்கள் காய் எடுக்கும் பகல் நேரத்தில், தேக்கடி பார்க்க வரும் வெள்ளைக்காரச் சாய்ப்புமார்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவார். ஒரு மழைக்காலத்தில் அப்படி வந்த வெளிநாட்டு ஜோடி ஒன்று தங்கள் சி.டி.யை ஜீப்பிலேயே மறந்துவிட்டது. திருப்பிக் கொடுக்கலாம் என்று அண்ணன் லாட்ஜுக்குப் போனபோது அவர்கள் கொச்சிக்குக் கிளம்பியிருந்தார்கள். சி.டி.யின் மேல் ஒரு பெயரும் இல்லை. என்னதான் இருக்கிறது என்று போட்டுக் கேட்டார். அவ்வளவுதான், மனிதர் விழுந்துவிட்டார்.

ஓர் ஆண் குரல். கூடவே கிடார் போல, ஆனால் அதைவிட மெலிசாக ஒரு தந்தி வாத்தியம். என்னைக் கூப்பிட்டு ஜீப்பில் உட்காரவைத்தார்.

“இந்த ஆளு பாடுறதக் கேளு தங்கச்சி. பஸ்ஸப் புடிக்கணும்ங்கிற நெனப்பே இல்ல பாரு.”

எனக்குப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. இறங்கிப் போய்விட்டேன்.

அது எந்த நாட்டுப் பாட்டு என்று தெரியாமலே பல வருடம் கேட்டுக்கொண்டிருந்தார். சவாரிக்கு ஏறும் ஒவ்வொரு சாய்ப்பிடமும் போட்டுக் காட்டுவார். அவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். கடைசியில் ஒரு மதாம்மா கேட்டவுடனே சிரித்துவிட்டாராம். அவர் ஸ்பெயின்காரர். இவை ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் ஐந்நூறு வருடங்களுக்கு முன்பு அரண்மனையிலும் கோயிலிலும் பாடியவை, பழைய ஏடுகளைப் பார்த்து, பழைய மாதிரியே வாத்தியம் செய்து, இப்போதுள்ளவர்கள் பாடிப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று விளக்கிவிட்டு, அண்ணனின் போனில் எப்படித் தேடுவது என்றும் காட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு அண்ணனின் சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். மகளின் கல்யாணம் நிச்சயமானபோதுகூட மனிதர் அப்படிச் சிரிக்கவில்லை.

அதன் பிறகு ஒன்றைத் தொட்டால் இன்னொன்று வந்தது. கன்னியாஸ்திரி மடத்தில் பாடும் பாட்டு, போர்ச்சுகல்காரர்களின் கிறிஸ்துமஸ் பாட்டு, கையடித்து ஆடவைக்கும் பாட்டு என்று தேடித்தேடி எடுத்தார். எல்லாவற்றையும் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். நாம் என்ன செய்தோம்? காலை வணக்கப் படங்களுக்கு வைக்கும் அதே கும்பிடு ஒன்றை வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தோம்.

கூடலூர்ப் பெண்கள் நம்மைப் போல மரியாதை பார்க்கவில்லை. அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவர் பேச்சியக்கா. “என்னா தம்பி, காலங்காத்தால தூங்குமூஞ்சிப் பாட்டு? நல்ல குத்துப் பாட்டாப் போடு, இல்லாட்டி அடுத்த வண்டில ஏறிக்கிறோம்” என்றார். சொன்னபடி பாதிப் பேர் அடுத்த வண்டிக்குப் போயும்விட்டார்கள். பாட்டை மாற்றச் சொல்லி மதினியும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அண்ணன் அசையவில்லை. ஆனால் போனவர்கள் தாமாகவே திரும்பி வந்தார்கள். குத்துப் பாட்டு போட்ட வண்டி வளைவுக்கு வளைவு அவர்களைத் தூக்கிப் போட்டது. அண்ணன் அந்தப் பாட்டின் நிதானத்திலேயே மலையேறுவார். மலையடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டுவதற்குள் வண்டியே தூங்கிவிடும். வாந்தி வருகிறவர்களும் பிள்ளை உண்டானவர்களும் அண்ணன் வண்டியைத்தான் தேடி வந்தார்கள்.

“பாட்டு கேக்கவா வர்றோம்? கண்ணசரத்தான வர்றோம்” என்று பேச்சியக்கா எல்லோர் முன்னாலும் சொல்வார். வீட்டுச் சோறாக்கி வைத்துவிட்டு இருட்டிலேயே கிளம்பி வருகிறவர்களுக்கு வேறு எங்கே தூக்கம் கிடைக்கும்? அண்ணனுக்கு அது தெரியும். கண்ணாடியில் பார்ப்பார், எல்லோரும் சாய்ந்துவிட்டால் பாட்டைத் தனக்கே கேட்காத அளவுக்குக் குறைத்துவிடுவார். ஆனால் என்னிடம் ஒருமுறை மனதை விட்டுச் சொன்னார். “தூங்கட்டும், பாவம். ஆனா ஒருத்தராச்சும் எங்கூட உக்காந்து ஒரு பாட்ட முழுசாக் கேக்கணும் தங்கச்சி. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.” அண்ணனின் வாழ்க்கையில் நிறைவேறாமல் நின்றது இந்த ஒன்றுதான்.

பிறகு சிறுநீரகம் கெட்டது. வண்டி ஓட்டியவரை வண்டியில் தூக்கிப்போட்டு டயாலிசிஸுக்குக் கொண்டுபோனோம். கடைசி நாட்களில் ஒருமுறை அண்ணனுக்குப் பிடிக்குமே என்று காதில் ஹெட்போனை மாட்டினேன். மெல்லக் கழற்றிவிட்டார். “வேணாம் தங்கச்சி. தனியாக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு” என்றார். அதைக் கேட்டு நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன். இப்போது எழுதும்போதும் அழுகை வருகிறது.

நன்றியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையில் அண்ணனைத் தம் தகப்பனைப் போல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், சவாரியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த குமுளி ஜீப் ஓட்டுநர்களுக்கும், ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. முக்கியமாக ஒரு நன்றி கூடலூர்ப் பெண்களுக்கு. அதன் காரணம் அண்ணன் போன அன்றைக்கு வராத உறவினர்களுக்குத் தெரிந்திருக்காது.

அண்ணனைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். மைக்செட்காரர் வழக்கமான சோகப் பாட்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணனின் தலைமாட்டில் இருந்த மதினி திடீரென்று நிமிர்ந்து, “அவுக பாட்டப் போடச் சொல்லுங்க” என்றார். சித்தப்பா பதறிவிட்டார். “என்னத்தா இது? சாவு வீட்டுல புரியாத பாட்டப் போட்டா வந்தவுக என்ன நெனப்பாக? எந்திரிச்சுல்ல போயிருவாக!” மதினி மறுபடி அண்ணன் பக்கம் குனிந்துகொண்டார். எனக்கும் எதிர்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை.

பந்தலில் பேச்சியக்கா எழுந்தார். அன்று தோட்டத்து வேலையை விட்டுவிட்டு எல்லாப் பெண்களும் வந்திருந்தார்கள். “நாங்க எங்கயும் போகல சாமி. போடுங்க” என்றார்.

அந்தச் சி.டி. பாட்டு முதல் எல்லாவற்றையும் அண்ணன் ஏற்றிவைத்திருந்த பென் டிரைவை ஜீப்பிலிருந்து என் மகன் எடுத்துவந்து கொடுத்தான். அந்த ஆண் குரல் குமுளித் தெரு முழுக்கக் கேட்டது. ஒப்பாரி தானாக நின்றது. யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. அத்தனை பெண்களும் கொட்டக்கொட்ட விழித்துக்கொண்டு உட்கார்ந்து கேட்டார்கள். நானும் வாழ்க்கையில் முதன்முறையாக அந்தப் பாட்டை முழுதாகக் கேட்டேன். எவ்வளவு நன்றாக இருந்தது! அண்ணா, எழுந்து பார்க்கமாட்டீர்களா!

பாட்டு முடிந்தது. பேச்சியக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மதினியைப் பார்த்தார். “தாயி, இன்னொண்ணு போடச் சொல்லு” என்றார்.

அடுத்த பாட்டு பாதி போயிருக்கும். நேரமாகிவிட்டது என்று அண்ணனை எடுக்க ஆட்கள் உள்ளே வந்து குனிந்தார்கள். சித்தப்பா கையைக் குறுக்கே நீட்டினார்.

“பொறுங்கப்பா. பாட்டு முடியட்டும்.”