ஹெல்பர் என்று கையெழுத்துப் போட்டவர்கள்

பெங்களூரை ஒட்டிய சந்தாபுராவில் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் பதினோரு வருடம் சட்டைக் காலர் தைத்தேன். பிறகு அங்கிருந்து விரட்டப்பட்டேன். விரட்டியவர்கள் மேல் இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை, கூட இருந்தவர்கள் மேல் இருக்கும் கோபமும்தான்.

அரசாங்கம் குறைந்தபட்சக் கூலியை உயர்த்திய வருடம் அது. டெய்லருக்கு ஒரு கூலி. நூல் வெட்டி, துணி தூக்கித் தரும் ஹெல்பருக்கு அதைவிடக் குறைவான கூலி. எங்கள் லைனில் முக்கால்வாசிப் பேர் டெய்லர்கள். எனக்குப் பக்கத்து மெஷினில் சட்டைக் கை முனைக்கு கஃப் தைப்பவள், என் தெருவிலேயே குடியிருந்தாள். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரி. செய்தி கேட்ட அன்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அக்கா, இனிமே சனிக்கிழமை ஓ.டி.க்கு மேனேஜர்கிட்ட போய்க் கெஞ்ச வேணாம்."

அடுத்த வாரமே ஃப்ளோர் மேனேஜர் மைக்கில் பேசினான். முதலில் கன்னடத்தில், பிறகு எங்களுக்காகத் தமிழில். "எல்லா டெய்லருக்கும் ஸ்கில் டெஸ்ட் வெக்கறோம். யாரும் பயப்பட வேணாம். சும்னே ஒரு ஃபார்மாலிட்டி."

டெஸ்ட் சாம்பிள் ரூமில் நடந்தது. உள்ளே ஒரே ஒரு பழைய மெஷின். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார்கள். கஃப் தைப்பவள் எனக்கு முன்னால் போனாள். வெளியே வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"தையல் நிக்கவே மாட்டேங்குது அக்கா. ஃபெயில்னு சொல்லிட்டாங்க. ஹெல்பர்னு பேப்பர் நீட்டினாங்க, போட்டுட்டேன்."

"ஏன்டி போட்டே?"

"போடலைன்னா நாளைக்கு கேட்டுக்குள்ள விட மாட்டாங்களாம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சட்டப்படி டெய்லருக்குக் கூலியைக் குறைக்க முடியாது. ஆனால் டெய்லரை ஹெல்பர் என்று எழுதிக்கொள்ள முடியும்.

என் முறை வந்தது. மெஷின் முன் உட்கார்ந்ததும் ஊசியை விரலால் தடவிப் பார்த்தேன். முனை வளைந்திருந்தது. அடிநூலை இழுத்துப் பிடிக்கும் பாபின் கேஸின் திருகும் தளர்ந்திருந்தது. மேனேஜர் கதவில் சாய்ந்து நின்றான். ஹெச்.ஆர். பெண் ஒருத்தி கையில் ஃபார்மோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஊசி மாத்தணும்" என்றேன்.

"இருக்கறதுலயே தை."

எங்கள் ஃபேக்டரியில் ஊசி என்றால் கணக்கு. ஒன்று உடைந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கி ரெஜிஸ்டரில் ஒட்டி, உடனே புது ஊசி தர வேண்டும். சட்டைக்குள் ஊசித் துண்டு போய்விட்டால் வெளிநாட்டுக்காரன் ஆர்டரையே திருப்பி அனுப்பிவிடுவான். எந்த மேனேஜரும் அந்த விதியில் மட்டும் விளையாட மாட்டான். நான் மெஷினை ஓட்டவில்லை. காலரின் தடித்த மூலையை ஊசிக்கு அடியில் தள்ளி, சக்கரத்தைக் கையால் அழுத்தித் திருப்பினேன். டக் என்று ஊசி முறிந்தது.

மேனேஜர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆனாலும் புது ஊசி வரவழைத்தான். அது வருவதற்குள் கத்தரி முனையால் பாபின் கேஸின் திருகை இறுக்கிவிட்டேன். காலரைத் தைத்து மேஜை மேல் வைத்தேன். ஹெச்.ஆர். பெண் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் 'டெய்லர்' என்று எழுதினாள்.

"ரொம்ப புத்திசாலி ஆயிட்டே" என்றான் மேனேஜர்.

எனக்குப் பின்னால் நின்றவர்களிடம் விஷயத்தைச் சொல்வதற்குள் டெஸ்டை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் காலை, மிச்சப் பேருக்கு டெஸ்ட் இல்லாமலேயே ஹெல்பர் பேப்பர் வந்தது. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். போட்டுவிட்டு அதே மெஷினில் அதே காலரையும் அதே கஃபையும் தைத்தார்கள்.

சம்பள நாளுக்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார்கள்.

"உனக்கென்ன அக்கா" என்றாள் கஃப் தைப்பவள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "உள்ளே மேனேஜர்கிட்ட என்ன பேசிமுடிச்சியோ, அது உனக்குத்தானே தெரியும்."

இத்தனை வருடம் ஒரே கிண்ணத்தில் குழம்பு பங்கிட்டவள் சொன்ன வார்த்தை அது. அறைந்திருப்பேன். எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு லேபர் ஆபீசுக்கு மனு எழுதிக்கொண்டு போனேன். அங்கிருந்த அதிகாரி என் சம்பளச் சீட்டைப் பார்த்தார்.

"உங்க சம்பளம் சரியாத்தானே வருது? உங்களுக்கு என்ன ப்ராப்ளம்மா?"

"எனக்கில்ல சார். என் லைனுக்கு."

"அப்போ அவங்க வரட்டும்."

அவர்கள் வரமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும். ஆறு முறை அலைந்தேன். கடைசியில் என் தொல்லை தாங்காமல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தார். வரப்போவது ஃபேக்டரிக்கு முன்பே தெரிந்திருந்தது. காலையிலேயே தரை கழுவி, கக்கூஸில் பினாயில் ஊற்றியிருந்தார்கள். அதிகாரி எங்கள் லைனில் நடந்து வந்து கஃப் தைப்பவளின் அருகே நின்றார். மேனேஜர் அவருக்குப் பின்னால் நின்றான்.

"என்ன வேலை செய்றீங்க?"

அவள் மெஷினில் பாதி தைத்த கஃப் கிடந்தது. "ஹெல்பர் சார்."

அவர் எழுதிக்கொள்ளப் போனார். நான் எழுந்து நின்றேன். "சார், அந்த ஹெல்பரைத் தைக்கச் சொல்லிப் பாருங்க."

"ஏய், கூத்கோ!" என்று மேனேஜர் கத்தினான். நான் உட்காரவில்லை.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "தைம்மா" என்றார்.

அவள் என்னை முறைத்தாள். கோணலாகத் தைத்திருந்தால் மேனேஜர் சொன்னது உண்மையாகியிருக்கும். ஆனால் என் மேல் இருந்த ஆத்திரமோ, கை பழக்கமோ, ஒரே ஓட்டத்தில் கஃபைச் சுற்றித் தைத்து, நூலை அறுத்து, அவர் கையில் கொடுத்தாள். ஒரு தையல் பிசகவில்லை. அவர் அதைத் தன் ஃபைலுக்குள் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகும் பல மாதம் இழுத்தது. முடிவில் கம்பெனி எல்லாருக்கும் டெய்லர் கிரேடைத் திருப்பித் தந்தது. இடைப்பட்ட மாதங்களின் பாக்கிக் கூலியைக் கேட்கமாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதற்கும் லைனில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். என்னை இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய வேறு யூனிட்டுக்கு, நாள் முழுக்க நின்றுகொண்டே நூல் வெட்டும் வேலைக்கு மாற்றினார்கள். சம்பளச் சீட்டில் மட்டும் டெய்லர். மூன்று மாதத்தில் கால் வீங்கி வேலையை விட்டேன். யாரும் வந்து பார்க்கவில்லை.

போன வருடம் கஃப் தைப்பவள் என் வாசலில் வந்து நின்றாள்.

"குறைஞ்ச கூலிக்கு ஒத்துக்கிட்டுப் போட்ட கையெழுத்து சட்டப்படி செல்லாதாமே அக்கா. பழைய பாக்கிக்கு மனு போடலாம்னு சொல்றாங்க. சாட்சிக்கு நீ வர்றியா?"

உள்ளே கூப்பிடவில்லை. நிற்கவிட்டேன்.

"உள்ளே என்ன பேசிமுடிச்சேன்னு ஜட்ஜு கேட்டா என்ன சொல்லட்டும்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மன்னிப்புக் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நானும் மன்னிக்கவில்லை. வருகிறேன் என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வாய்தா நாட்களில் ஒரே பஸ்ஸில், வேறு வேறு சீட்டில் போய் வருகிறோம்.