கடைசி நாலு எண்

தூத்துக்குடி துறைமுகத்துக்கு வெளியே, கன்டெய்னர் பெட்டிகளை இறக்கி அடுக்குகிற ஒரு யார்டில் எனக்கு டேட்டா என்ட்ரி வேலை. வாய் மட்டும் பெரிய பதவிக்காரி வாய். அதனால்தான் ஒரு திங்கட்கிழமை, சாஃப்ட்வேர் இழுப்பதைச் சரிசெய்ய வெளியாளைக் கூப்பிடப் போவதாக மேனேஜர் சொன்னதும், கேட்காமலே உள்ளே போய், “நான் பண்ணுதேன் சார்” என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் டேட்டாபேஸ் படித்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும். “சனிக்கெழம வரைக்கும் டைம். ஆகலன்னா வெளியாள் வந்துருவான். பெறவு நீ என்ட்ரிய மட்டும் பாக்கணும், இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. சரியாம்மா?” சரி என்றேன்.

விஷயம் இதுதான். லாரி டிரைவர் கேட்டில் வந்து பெட்டி நம்பரைச் சொல்வார். கேட் கிளார்க் அண்ணாச்சி அதைத் தட்டினால், பெட்டி எந்த வரிசையில் இருக்கிறது என்று திரை காட்ட வேண்டும். அது காட்ட மூன்று நிமிடம் ஆகும். பின்னால் லாரிகள் ரோடு வரைக்கும் வெயிலில் நிற்கும். திட்டு முழுக்க அண்ணாச்சிக்கு.

காரணம் பார்த்ததுமே பிடிபட்டது. லட்சக்கணக்கான வரிகள் கிடக்கிற டேபிளில், ஒரு நம்பரைக் கேட்டால் மெஷின் முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டியது. இன்டெக்ஸ் இல்லை. புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று போட்டிருப்பார்களே, அது மாதிரிதான் இதுவும். பெட்டி நம்பருக்கு ஒன்று போட்டேன். என் மேஜையில் ஒரு முழு நம்பரைத் தட்டினேன். விரலை எடுப்பதற்குள் விடை! புதன்கிழமை மதியமே அரைக் கிலோ மக்ரூன் வாங்கி ஆபீஸ் முழுக்கக் கொடுத்துவிட்டேன்.

டப்பா காலியாகும்போது கேட்டிலிருந்து போன். “ஏளா, ஒண்ணும் மாறல. அப்படியேதான் இழுக்குது.”

எனக்கு வந்ததே கோபம். “ஒங்க கம்ப்யூட்டரத் தூக்கிக் கடல்ல போடுங்க அண்ணாச்சி” என்று கத்திவிட்டு விறுவிறுவென்று கேட்டுக்கு நடந்தேன். அங்கே ஒரு டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, “நாப்பத்தி நாலு எழுவத்தொண்ணு” என்றார். அண்ணாச்சி 4471 என்று தட்டினார். அவ்வளவுதான் தட்டினார்.

முழு நம்பர் என்றால் நாலு எழுத்து, ஏழு எண். அதை யார்டில் யாரும் சொல்வதே இல்லை. டிரைவருக்கும் கிரேன் ஓட்டுகிறவருக்கும் பெட்டி என்றால் கடைசி நாலு எண்தான். நானும் அப்படித்தான் பேசுவேன். மேஜையில் உட்கார்ந்ததும் மட்டும் படித்தவளாகி முழு நம்பரைத் தட்டியிருக்கிறேன். இன்டெக்ஸோ முதல் எழுத்திலிருந்து அடுக்கியது. வாலைக் கொடுத்தால் அதற்கு வழி தெரியாது, பழையபடி எல்லா வரியையும் புரட்டும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது எனக்கும் சேர்த்துச் சொன்னதுதான்.

“முழு நம்பரப் போடுங்களேன்” என்று கெஞ்சினேன்.

“டிரைவர் இவ்வளவுதான் சொல்லுதான். மீதிய நான் யார்ட்டப் போயி கேக்க? மனுசனுக்குப் பாடம் எடுக்காத ஏளா, மெஷினுக்கு எடு.”

வியாழன் முழுக்கப் படித்தும் ஒன்றும் ஓடவில்லை. வெள்ளிக்கிழமை மதியம், மீன்குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது தோன்றியது. வாலை வைத்துத்தான் தேடுகிறார்கள் என்றால் வாலையே தலையாக்கிவிட்டால்? ஒவ்வொரு நம்பரையும் பின்னிருந்து முன்னாகத் திருப்பிப் பக்கத்துக் கட்டத்தில் எழுதி, அதற்கு இன்டெக்ஸ் போட வேண்டும். அண்ணாச்சி 4471 என்று தட்டினால், உள்ளுக்குள் அதை 1744 ஆக்கித் தேட வேண்டும். அவருக்கு எதுவும் தெரிய வேண்டாம். கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடினேன். நகல் டேபிளில் போட்டுப் பார்த்தேன். தேட எத்தனை வரி படித்தது என்று மெஷினே சொல்லும். லட்சக்கணக்கில் காட்டிய இடத்தில் மூன்றே வரி! அன்றைக்கு ராத்திரியே அசல் டேபிளிலும் போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை நான் என் மேஜைப் பக்கமே போகவில்லை. கேட்டில் நின்றேன். அண்ணாச்சி நாலு எண் தட்டினார். விடை வந்துவிட்டது. அவர் நம்பவில்லை. “ஏளா, பொய் சொல்லுதா இது?” மறுபடி தட்டினார், அதே விடை. டிரைவர் போனார், பெட்டி அங்கேயேதான் இருந்தது. பதினொரு மணிக்கு ரோட்டில் ஒரு லாரிகூட நிற்கவில்லை. மேனேஜர் வந்தார், நாலு லாரி போகிற வரை பார்த்தார், ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்பிப் போனார். ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை என் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்து என்ட்ரி போட்டுக்கொண்டிருந்தாள். மேனேஜர் அறைக்குள் நுழைந்து, “நான் என்ன சார் தப்பு பண்ணினேன்?” என்றேன்.

அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. “என்ட்ரிக்கு ஆள் போட்டாச்சு. வெளியாள வேண்டாம்னுட்டேன். நீ இன்னைலேர்ந்து சர்வர் ரூம்.”

சர்வர் ரூமுக்குள் போனேன். கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். ஆசை தீர ஒரு ஆட்டம் ஆடினேன்.