கட்லட் எடுத்த பெண்

யோகேஸ்வரி அக்காவின் முகத்தை நேரே பார்க்க எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. எல்லாம் எங்கள் நாடகக் குழுவும் அதன் பெருமைபிடித்த கொள்கையும் செய்த வேலை.

அக்கா வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்கிறார். நாற்பது தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் கஜேந்திரனின் குடும்பத்தோடு ஒரு பிளாட்டில் இருக்கிறார். சேலை வாங்க வருகிறவர்கள் அலுமாரி முழுவதையும் பிரித்துப் போட்டுவிட்டு வெறுங்கையோடு போனாலும், "பரவாயில்லை, ஆறுதலா யோசிச்சிட்டு வாங்கோ" என்று சிரிப்பார். நானென்றால் அந்தச் சேலையாலேயே கழுத்தை நெரித்திருப்பேன். இப்படிச் சாதுவான மனுஷி நடிக்க வந்தால் வேறு ஆளாகிவிடுவார். ஆனால் வீட்டில் சொல்லவில்லை. அண்ணனுக்கு நாடகமென்றால் பிடிக்காது. ஆகவே ஒத்திகை நாட்களில் எல்லாம் அக்காவுக்குக் கடையில் ஓவர்டைம்.

எங்கள் குழுவுக்கு மேடை கிடையாது. நாடகம் என்று தெரிந்துவிட்டால் பார்க்கிறவன் சாய்ந்து உட்கார்ந்துவிடுவான், அப்படி உட்கார விடக் கூடாது என்பது குழுவைத் தொடங்கிய பூபாலசிங்கம் சேரின் கொள்கை. மருதானை பஸ்ஸில் நடித்திருக்கிறோம், சலூனில் நடித்திருக்கிறோம். நடிக்கிற எங்களுக்கும் திடுக்கம் வேண்டுமாம். அதற்காக இன்னொரு விதி: ஒவ்வொருவரும் விஷயம் தெரியாத ஆட்களைக் கூட்டிவர வேண்டும், யாரைக் கூட்டிவருகிறோம் என்று மற்றவர்களுக்குச் சொல்லக் கூடாது. எல்லாம் முடிந்த பிறகு சேர் எழும்பி, இவ்வளவும் நாடகம் என்று அறிவிப்பார். சனம் வாயைப் பிளக்கும். நல்ல கெட்டித்தனம்தான், போங்கள்.

போன வருடம் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன ஹோலை எடுத்துக் கல்யாண வரவேற்பு நடத்தினோம். ஜுமானாவாகிய எனக்குப் பொட்டு வைத்து, பூச்சூட்டி, மணப்பெண்ணாகக் கதிரையில் இருத்திவிட்டார்கள். சேர் என் அப்பா. அழைக்காத கல்யாணத்துக்குச் சாப்பிட வருகிற பெண்ணாக அக்கா. பழைய சேலையும் துணிப்பையுமாக வந்து, ஒரு மூலையில் இருந்து ரோல்ஸ் தின்றுவிட்டு, இரண்டு கட்லட்டைக் கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைப்பார். சேர் கண்டுபிடித்து, "நீங்க ஆற்ற ஆள், மாப்பிள்ளை பக்கமோ பொம்பிளை பக்கமோ?" என்று அதட்டுவார். அக்கா சபையைப் பார்த்து, "என்னைத் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருக்கிறீங்களோ?" என்று கேட்பார். யாராவது எழும்பி, 'என்னோடு வந்தவர், விடுங்கள்' என்று ஒரு பொய் சொன்னால் போதும். ஹெந்தளையில் இதே நாடகத்தைச் செய்தபோது பேலியகொடை மீன் வியாபாரி ஒருவர் எழும்பினார். அன்று நாங்கள் எல்லாரும் அழுதுவிட்டோம்.

கொட்டாஞ்சேனையில் ஒருவரும் எழும்பவில்லை. அக்காவின் பார்வை மேசை மேசையாகப் போய் ஓரிடத்தில் நின்றது. அங்கே கையில் பற்றீஸோடு ஒரு மனிதர், பக்கத்தில் எங்கள் நடிகன் சஜீத். விதிப்படி யாருக்கும் சொல்லாமல், தான் வேலை செய்யும் போன் கடையிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்திருந்தான். அவர் அக்காவின் அண்ணன் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அக்காவின் முகம் வெளிறிப்போனதைக் கண்டு, இன்றைக்கு என்ன ஒரு நடிப்பு என்று நான் மெச்சிக்கொண்டிருந்தேன். புத்தி கெட்டவள்.

நாடகத்தில் உள்ளபடி சேர் ஒவ்வொரு மேசையாகப் போய் விசாரித்தார். அந்த மேசைக்கும் போனார்.

"தம்பி, இவ உங்களோட வந்தவவோ?"

கஜேந்திரன் தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்லை," என்றார். "எனக்கு இவவைத் தெரியாது."

அக்கா பையை மேசையில் வைத்துவிட்டுத் தானாகவே வெளியே நடந்தார். நாடகப்படி சேர் பிடித்துத் தள்ளித்தான் அவர் போக வேண்டும். ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. கேக் வெட்டிய பிறகுதான் சேர் உண்மையை அறிவிப்பார் என்பதால் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். பாத்திரம் கழுவுகிற இடத்தில் அக்கா நின்றிருந்தார்.

"ஜுமானா, இண்டைக்கு நாடகமெண்டு சொல்ல வேண்டாமெண்டு சேரிட்டச் சொல்லு."

"ஏன் அக்கா?"

"அந்த மேசையில இருக்கிறது என்ர அண்ணா."

"அப்பக் கட்டாயம் சொல்லத்தானே வேணும்? நீங்க சாப்பாட்டுக்கு வந்ததெண்டு நெனச்சிட்டுப் போவாரே."

"நினைக்கட்டும். தங்கச்சியைத் தெரியாதெண்டு சொன்னதை நாங்க எல்லாரும் நிண்டு பார்த்தமெண்டு தெரிஞ்சா, அவர் முகத்தை எங்க கொண்டுபோய் வைப்பார்?"

அக்கா கேட்டதைப் போய்ச் சொன்னதும் சேருக்குக் கோபம் வந்துவிட்டது. சொல்லாவிட்டால் இது நாடகமே இல்லையாம், வெறும் ஏமாற்றாம். வாயைத் திறந்தால் கேக்கைத் தூக்கி அவர் தலையில் கவிழ்ப்பேன் என்று சொன்னேன். செய்துமிருப்பேன். சஜீத்தின் வாயையும் கட்டினேன். சனம் கேக்கைச் சாப்பிட்டுவிட்டு, கல்யாணம் நடந்ததாகவே நம்பிக் கலைந்து போனது. கஜேந்திரனும் என்னிடம் வந்து, "சந்தோஷமா இருங்கோ, பிள்ளை," என்று கைகொடுத்தார். கை ஈரமாக இருந்தது. அந்த மனிதரைத் திட்ட வேண்டுமென்று நினைத்திருந்த நான் நன்றி சொல்லி அனுப்பிவைத்தேன்.

அக்கா அதோடு நாடகத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவர் வீட்டுக்குப் போக எனக்குத் துணிவில்லை, மணப்பெண்ணை அண்ணன் அடையாளம் கண்டுவிடுவார். போன மாதம்தான் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கடைக்குப் போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். அக்கா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். சோற்றுக்குப் பக்கத்தில் இரண்டு கட்லட் இருந்தன.

"உங்களுக்குப் பொரிச்ச சாமான் ஒத்துக்கொள்ளாதே அக்கா?"

"அண்ணா வாங்கிக்கொண்டு வாறவர். அடுத்த நாளே தொடங்கினது, இன்னும் விடேல்ல. ஒண்டும் கேக்கிறேல்ல, முகத்தையும் பாக்கிறேல்ல. ராவில கொண்டந்து வைப்பார், நான் சாப்பிட்டு முடிக்குமட்டும் அங்கயே நிப்பார். இண்டைக்குப் பெட்டிக்குள்ளயும் ரெண்டு. தன்ர வீட்டில எனக்குச் சாப்பாடு காணேல்லையெண்டு நினைச்சிட்டார்."

"சொல்லிப்போடுங்க அக்கா. பாவம் அந்த மனுஷன்."

அக்கா கட்லட்டை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை என் பக்கம் தள்ளினார்.

"இனி என்னெண்டு சொல்றது? நேற்று முதல்தரமா வாய் திறந்து கேட்டவர், 'இன்னும் ரெண்டு வேணுமோ?' எண்டு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஓமெண்டு சொன்னன்."