ரத்தம் எடுப்பவளின் நடுங்கிய கை

பதினெட்டு வருஷமாக லேபில் ரத்தம் எடுத்தவள் அவள். ஊசியைக் கண்டதும் கண்ணை மூடிக்கொள்ளும் சூரப்புலிகளைப் பார்த்துப் பார்த்து, மனிதர்கள் மேல் இருந்த மரியாதை எப்போதோ தேய்ந்துவிட்டது. தன் கையே நடுங்க ஆரம்பித்த பிறகு மிச்சமும் போயிற்று.

முதலில் மேனேஜர். ஒருவர் கையில் இரண்டு முறை ஊசி தவறியதும் அறைக்குக் கூப்பிட்டு, வாயருகே வந்து மோந்து பார்த்தான்.

"நேத்து ஏதாவது போட்டீங்களா?"

"கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன்."

மறுநாளே அவளை ரிப்போர்ட் கவர் ஒட்டும் மேஜைக்குத் தள்ளினான்.

அடுத்தது அண்ணன். இமைகள் எப்போதும் பாதி தொங்கும். அந்தத் தூங்குமூஞ்சியோடு உலகத்துக்கே தீர்ப்புச் சொல்வார். "எல்லாம் மனசுதான். நம்ம குடும்பத்துல யாருக்கு இப்படி இருக்கு?" அதே வாயோடு ஆஸ்பத்திரிக்குத் துணையாகவும் வந்தார்.

டெஸ்ட் முடிவுகளைப் பார்த்த நரம்பு டாக்டரம்மா, "இது மைட்டோகாண்ட்ரியா நோய். செல்லுக்குச் சக்தி தர்ற இடத்துலயே கோளாறு. உங்களுக்கு வந்திருக்கறது அம்மா வழியா வர்ற வகை" என்றார். பிறகு பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். "உங்க இமை எத்தனை வருஷமா இப்படி? நீங்களும் டெஸ்ட் பண்ணிக்கணும்."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அவள் சிரித்தேவிட்டாள்.

மருந்துகள் எடுபடாததால், மூளைக்குள் மெல்லிய கம்பி வைக்கும் ஆபரேஷன் என்று முடிவாயிற்று. "நடுக்கம் குறையலாம். நோய் போகாது, அசதியும் போகாது" என்றார் டாக்டரம்மா. பூசி மெழுகாத அந்தப் பேச்சுக்காகவே அவள் சம்மதித்தாள்.

தலையைச் சட்டத்தில் பூட்டி மண்டையில் துளை போட்டபோது விழித்துத்தான் இருந்தாள். "ஒரு சுருள் வரைங்க" என்றார்கள். பேனா கண்டபடி இழுத்துக்கொண்டு ஓடியது. கம்பியில் மின்சாரம் விட்டு மறுபடி வரையச் சொன்னார்கள். இம்முறை கோடு அடங்கி, சுற்றிச் சுற்றி வந்தது. அவள் கண் கலங்கியது.

"வலிக்குதா?" என்றாள் நர்ஸ்.

"இல்ல, வெக்கமா இருக்கு. ஒரு வருஷம், எல்லாம் என் மனசுதானோன்னு நானும் நம்பித் தொலைச்சேனே."

காறை எலும்புக்குக் கீழே, கம்பிக்கு மின்சாரம் தரும் பேட்டரியை வைத்து அனுப்பினார்கள். மேனேஜர் போன் செய்து, ரத்தம் எடுக்கும் அவள் பழைய இடம் காலியாகத்தான் இருக்கிறது என்றான். "அப்படியே இருக்கட்டும்" என்று வைத்துவிட்டாள். அண்ணன் இன்னும் டெஸ்டுக்குப் போகவில்லை. தங்கச்சியைக் குணமாக்கியதே தான்தான் என்று சொந்தக்காரர்களிடம் அளந்துகொண்டிருக்கிறார்.

சில மாதங்கள் கழித்து வேறொரு லேபில் அரைநாள் வேலைக்குச் சேர்ந்தாள். மாடி ஏறும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவாள். கடந்து போகிறவர்கள் 'ஐயோ பாவம்' என்று பார்த்தால், "வழி விட்டுத்தானே உக்காந்திருக்கேன்? போங்க" என்பாள்.