நாயைத் தொட்டால் குளிக்க வேண்டும்

முதலில் நின்றது குளியல். உங்களில் யாருக்காவது அப்படி நடந்திருந்தால், அது சோம்பல் இல்லை என்று உடனே சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டில் கட்டிலுக்கும் குளியலறைக்கும் இடையே பதினொரு காலடி. பாடசாலையில் கணிதம் படிப்பிக்கும் எனக்கு அந்தப் பதினொன்றைக் கடக்க வழி தெரியவில்லை.

கடும் மனச்சோர்வு (மனத்தோடு உடலையும் முடக்கிப்போடும் நோய்) என்றார் வைத்தியர். மாத்திரைகள் தந்தார். மூன்று கிழமை கழித்தும் நான் படுக்கையில்தான்.

"சாப்பாடும் குளிப்பும் இப்பிடியே நிண்டால் வார்டிலை வைச்சுத்தான் பார்க்கவேணும்," என்று என் கணவரிடம் சொன்னார். அதற்கு முன் ஒரு முயற்சியாக, நோயாளிகளோடு இருக்கப் பழக்கிய நாய் ஒன்றைச் செவ்வாய்தோறும் வீட்டுக்கு வரச் செய்தார். சாமியறை உள்ள வீட்டில் நாயா என்று மாமி, என் கணவரின் அம்மா, கொதித்தார். கணவர் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தார்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தைரியம் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த நாய், பிரௌணி, ஒன்றும் சொல்லவில்லை. மெத்தையில் தலையை வைத்துக் கொட்டாவி விட்டது. எல்லோரும் முகம் சுளித்த என் பிசுக்குத் தலையை ரசித்து முகர்ந்தது. என் கை தானாகப் போய் அதன் காதைத் தடவியது.

மாமி வாசலிலேயே நின்றார். "நாயைத் தொட்டாச்செல்லோ பிள்ளை? இனிக் குளிக்காமல் வீட்டிலை ஒண்டையும் தொடப்படாது. எழும்பும்!"

வைத்தியரோடு வாதாடலாம், மாமியோடு முடியாது. எழும்பினேன். தண்ணீர் தலையில் விழுந்ததும் அழுதேன். பிறகு பசித்தது.

அடுத்த செவ்வாய், மாமியே என் கையைப் பிடித்து நாயின் முதுகில் வைத்தார். "வடிவாத் தொடும்," என்றார். வெந்நீர் ஏற்கெனவே தயாராக இருந்தது.

மாத்திரைகளை நான் நிறுத்தவில்லை, நீங்களும் நிறுத்தாதீர்கள். வார்டுக்குப் போகும் பேச்சு மெல்ல அடங்கியது.

மூன்றாம் மாதத்தில் ஒரு செவ்வாய் பிரௌணி வரவில்லை. காலில் காயமாம். மாமி என்னைவிடக் கலங்கிப்போனார். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. தொட்டுப் பார்த்தேன், வியர்வை. இத்தனை மாதமாக என் உடம்புக்கு வியர்த்ததே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. துவாயை எடுத்துக்கொண்டு போய்க் குளியலறைக் கதவைச் சாத்தினேன்.

மாமி ஓடிவந்து தட்டினார். "என்ன பிள்ளை, நாய்தான் வரேல்லையே! எதைத் தொட்டனீர்?"

"ஒண்டையும் தொடேல்லை மாமி. எனக்கு வேர்க்குது."

வெளியே மாமி சிரிப்பது கேட்டது. அப்போது காலை பத்து மணி. நாள் முழுக்க இன்னும் மிச்சம் இருந்தது. அதை நினைக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.