தேன்சிட்டுக்கு எத்தனை எம்.எம். வேணும்?

லென்ஸ் வாடகைக்கு விடும் கடையில் வேலைக்குச் சேர்ந்தால், குருவி மேல் ஆசை வருவதற்கு முன்பே மனிதர்கள் மேல் கோபம் வந்துவிடும். நாள் முழுக்க கவுன்டருக்குப் பின்னால் நின்று, வாய் வலிக்கச் சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பாத்திரத்தை டங்கென்று வைக்கும் என் இனத்தாரே, உங்களுக்கு இது புரியும். நான் நிற்பது புதுச்சேரி நகருக்குள் ஒரு கேமரா கடையில். இந்த வருஷம் கடையின் கொல்லைப்புறத்துக் காகிதப்பூக் கொடியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டி, குஞ்சும் பொரித்திருந்தது. குஞ்சுகள் பறக்கும்வரை கூட்டை யார் கண்ணிலும் படாமல் காப்பது என்று எனக்கு நானே ஒரு வேலை வைத்துக்கொண்டேன். அதற்குச் சம்பளம் கிடையாது.

புள்ளிக்காரர்

உழவர்கரையிலிருந்து ஒருவர் வந்தார். தோளில் புத்தம்புதுக் கேமரா, அதில் பெட்டியோடு வந்த சின்ன லென்ஸ். எடுத்த படத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினார். மாமரம், வானம், பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனா எல்லாம் பளிச்சென்று இருந்தன. நடுவில் ஒரு புள்ளி. சென்சாரில் தூசி என்று நினைத்து பிரஷ்ஷை எடுத்தேன். "தூசி இல்ல மேடம், அதான் தேன்சிட்டு" என்றார்.

பொறுமையாகச் சொன்னேன். கட்டைவிரல் அளவுப் பறவைக்கு இந்த லென்ஸ் எட்டாது. நானூறு, அறுநூறு எம்.எம். என்று நீளமான லென்ஸ் வேண்டும், அதைப் போட்டாலும் ஓர் இடத்தில் அசையாமல் உட்கார்ந்து, அதுவாக வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பது என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. நான் ஏமாற்றுகிறேன் என்பதுபோல் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இவ்ளோ பெரிய கேமரா வாங்கியிருக்கேன், குருவி கிட்ட வராதா?"

ஏசி மிசே

பிரான்சிலிருந்து லீவுக்கு வந்திருந்த ஒரு மிசே (பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள ஐயாக்களை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம்), எங்கள் கடையின் அறுநூறு லென்ஸை ஊசுட்டேரிக்கு எடுத்துப் போனார். மறுநாள் வந்து லென்ஸை மேசையில் வைத்த விதத்திலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு படம்கூட உருப்படி இல்லையாம். பார்த்தேன். மீன்கொத்தி இருக்க வேண்டிய இடத்தில் நீலமாக ஏதோ கலங்கியிருந்தது. லென்ஸ் போய்விட்டது என்று முதலாளி என்னை முறைத்தார். முந்தின நாள் அதைத் துடைத்து அனுப்பியவள் நான்தானே!

படத்தைப் பெரிதாக்கினேன். ஓரத்தில் ஒரு ஸ்டிக்கரின் பின்பக்கம் மங்கலாகத் தெரிந்தது. "மிசே, கார்ல இருந்து எடுத்தீங்களா?" ஆமாம். "கண்ணாடிய எறக்கிட்டா, ஏத்திவிட்டா?" அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"எறக்குனா ஏசி எல்லாம் போயிடுமேம்மா!"

பாஸ்கரின் சாமர்த்தியம்

என்னோடு வேலை பார்க்கும் பாஸ்கர், எட்டவில்லை என்று யார் வந்தாலும் கன்வர்ட்டர் ஒன்றைத் தலையில் கட்டிவிடுவான். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டினால் தூரத்தை இரண்டு மடங்கு இழுக்கும் குட்டிச் சாமான் அது. வெளிச்சத்தைத் தின்றுவிடும், ஃபோகஸ் தடுமாறும் என்பதையெல்லாம் அவன் சொல்வதே இல்லை. வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து திட்டும்போது மட்டும் அவன் டீ குடிக்கப் போயிருப்பான். திட்டு எனக்கு.

ஒருநாள் வாசலிலேயே பிடித்துக் கேட்டேன். டீ கிளாஸைக் கீழே வைக்காமல் சொன்னான்:

"ரெண்டு மடங்கு பெருசா வரும்னு சொன்னேன்க்கா, தெளிவா வரும்னு சொன்னனா?"

டெஸ்ட் ஷாட்

எங்கள் கடையில் ஒரு வழக்கம். பெரிய லென்ஸ் எது வெளியே போனாலும், கொண்டுபோகிறவர் கண்ணெதிரே கொல்லைக் கதவுப் படியில் நின்று ஒரு டெஸ்ட் ஷாட் எடுக்க வேண்டும். எதிர் மாடித் தண்ணீர்த் தொட்டியில் உள்ள எழுத்து துல்லியமாக விழுந்தால் லென்ஸ் சரி. கூடு வந்த நாளிலிருந்து, காகிதப்பூக் கொடி இருக்கும் பக்கத்தை முதுகால் மறைத்துக்கொண்டு நிற்பேன். கவுன்டரில் போன் அடித்தால்கூட நகர மாட்டேன்.

எத்தனை நாள்தான் முதுகு தாங்கும்? லென்ஸ் எடுக்க வந்த காலேஜ் பையன் ஒருவன் தொட்டியைப் படம் பிடித்துவிட்டு, சும்மா இருக்காமல் என் தோளுக்கு மேலே லென்ஸைத் திருப்பினான். "அக்கா, கூடு!" என்று கத்தினான். முதலாளி எழுந்து ஓடி வந்தார். திரையில் கூட்டின் வாசல், அதில் இரண்டு மஞ்சள் வாய். அவர் பார்வை என் பக்கம் திரும்பியது.

"இன்னாமா நீ, இத்தினி நாளா இத மறச்சி வச்சிருக்க? இதவிட நம்ம கடைக்கு வெளம்பரம் வேணுமா?"

ஸ்டேட்டஸ்

அன்றைக்கே அந்தப் படம் முதலாளியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறியது. மறுநாள் கொல்லையில் கல்யாண வீட்டுக் கூட்டம். நான் கொல்லைக் கதவுப் படிக்குக் குறுக்கே கயிறு கட்டினேன். படியில் நின்றாலே அறுநூறு லென்ஸில் கூடு நிறைந்து தெரியும். கயிற்றைத் தாண்ட யாருக்கும் எந்த அவசியமும் இல்லை. ஆனால் தாய்க்குருவி இரை கொண்டுவருவதும், கூட்டத்தைப் பார்த்துக் கம்பியிலேயே உட்கார்ந்திருப்பதும், பிறகு திரும்பிப் போவதுமாக இருந்தது. உள்ளே குஞ்சுகள் பசியில் கத்திக்கொண்டிருந்தன.

இது போதாதென்று ஒருவர் போனில் தேன்சிட்டுச் சத்தத்தை ஓடவிட்டார். வேறொரு ஆண் தன் இடத்துக்குள் புகுந்துவிட்டது என்று நினைத்து, ஆண்குருவி பதறியடித்துப் போனைச் சுற்றிச் சுற்றி வந்தது. போனைப் பிடுங்கி அணைத்தேன். அவருக்கோ ஒரே ஆச்சரியம்.

"ஏம்மா, தானா கிட்ட வருது, லென்ஸ் வேலை மிச்சம்தானே?"

மதிய இடைவேளை

எங்கள் ஊரில் மதியம் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துதான் மறுபடி திறப்பார்கள். நான் கருவடிக்குப்பத்தில் இருக்கும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவேன். அன்று திரும்பி வந்தபோது முன்கதவு பாதி திறந்திருந்தது. முதலாளி நாற்காலியில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். "அந்த உழவர்கரைக்காரர் ரொம்பக் கெஞ்சினார், உள்ள வுட்டேன்" என்றார்.

கயிறு அவிழ்ந்து கிடந்தது. கூட்டுக்கு முன்னால் இருந்த இலையும் கிளையும் வெட்டுப்பட்டுத் தரையில் குவிந்திருந்தன. மிச்சமிருந்த கிளையை வளைத்து, பார்சல் கட்டும் கயிற்றால் தண்ணீர்க் குழாயோடு இழுத்துக் கட்டியிருந்தது. கூட்டைக் காக்கையிடமிருந்து மறைத்தது அந்த இலைதான். எதிர் மாடித் தொட்டி மேல் இரண்டு காக்கைகள் அலகைத் துடைத்துக்கொண்டிருந்தன. கூடு ஒரு பக்கம் கிழிந்து, பஞ்சு வெளியே தொங்கியது. உள்ளே எதுவும் இல்லை.

காலையில் நான் ஸ்டாண்டில் மாட்டிய அறுநூறு லென்ஸ் படியிலேயே நின்றது. அதன் வழியாகப் பார்த்தேன். தாய்க்குருவி கிளைக்கு வருவதும் போவதுமாக இருந்தது. அதன் அலகில் ஒரு பச்சைப் புழு, இன்னும் நெளிந்துகொண்டிருந்தது. அவ்வளவு நன்றாக எட்டியது. பட்டனை அழுத்த எனக்குக் கை வரவில்லை.

வாடிக்கையாளரிடம் குரலை உயர்த்தக் கூடாது என்பது கடைச் சட்டம். உயர்த்தினேன். தெருக்கோடி வரை கேட்டிருக்கும். "வுடும்மா, அது வேற கூடு கட்டிக்கும்" என்றார் முதலாளி. படம் கிடைத்ததும் கவுன்டர் பக்கம் வந்துவிட்டிருந்த புள்ளிக்காரர் மட்டும் கலங்கவே இல்லை. நான் ஏன் கத்துகிறேன் என்றே அவருக்கு விளங்கவில்லை. ஒரு கையில் எங்கள் கடைக் கத்தரிக்கோல், மறு கையில் அதே கேமரா, அதே சின்ன லென்ஸ். திரை முழுக்கக் குஞ்சின் திறந்த வாய்.

"பெரிய லென்ஸே தேவையில்ல மேடம், நாலு கெளைய வெட்டுனா போதும், பாருங்க, புள்ளி எவ்ளோ பெருசா வந்திருக்கு!"

தள்ளி நின்று பார்ப்பதற்கென்றே முழ நீள லென்ஸ்களை வாடகைக்கு விடும் எங்கள் கடையிலிருந்து அன்று மதியம் இரவல் போனது ஒரு கத்தரிக்கோல்தான், அதற்கு டெஸ்ட் ஷாட்கூட யாரும் கேட்கவில்லை.