குணரத்தினம் கட்டிக்காத்த தீவு

அடி வாங்கிக்கொண்டு சிரிப்பதற்கு ஓர் உலகக் கிண்ணம் இருந்திருந்தால், அது இத்தாலியில், பலேர்மோ நகரத்துச் சீசாப் பகுதியில், நாலாம் மாடியில், குணரத்தினத்தின் வீட்டில்தான் இருந்திருக்கும். பலேர்மோவின் புனிதர்கள் எல்லாரும் வரிசையில் நின்று அவரிடம் பொறுமை இரவல் வாங்க வேண்டும். மகன் தனுசன் அப்படித்தான் நம்பினான்.

வன்னியில் உழவு இயந்திரம் ஓட்டியவர் குணரத்தினம். சண்டை முடிந்தபின் இங்கே வந்து, மீன்பெட்டி தூக்கி, மாடிப்படி கழுவி, கடைசியில் லிபெர்த்தாத் தெருவில் லிந்த் என்ற சுவீடன் கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் நின்றார். கிழவருக்குக் கண் தெரியாது. சுவீடனில் பிறந்து வளர்ந்த தீவுக் கிராமமும் நினைவிலிருந்து கரைந்துகொண்டிருந்தது. அதனால் அங்கிருந்த பழஞ்சின்னங்களையெல்லாம் முன்கூட்டியே குணரத்தினத்துக்குப் பாடமாக்கிக் கொடுத்திருந்தார்: கப்பல் வடிவில் கல் நட்ட புதைகுழி, எழுத்து வெட்டிய பாறை, கூரையில்லாத சிற்றாலயம், மரக் காற்றாலை. மாலையில் சக்கர நாற்காலியைத் தெருவில் தள்ளியபடி, அந்தத் தீவிலேயே போவதுபோல் குணரத்தினம் அவற்றை ஒவ்வொன்றாய்ச் சொல்வார். குப்பைத்தொட்டியடி கற்கப்பல், பூட்டிய பத்திரிகைக் கடை சிற்றாலயம். அவர் சொன்னால்தான் கிழவருக்கு அது உண்டு. பிழைவிட்டால் கைத்தடி முழங்காலில் இறங்கும்.

ஒரு ஞாயிறு குணரத்தினத்துக்குக் காய்ச்சல்.

"நீ ஒருக்கால் போயிட்டு வா, தம்பி. கற்கப்பலை மட்டும் வடிவாய்ச் சொல்லு. மற்றதுகள் வேண்டாம்."

தனுசன் அவருடைய முழங்காலைப் பார்த்தான். கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது.

"திருப்பி ஒண்டு போட்டுப் பாருங்கோவன், அப்பா."

"பாவமடா. கண் தெரியாத மனுசன்."

"மனுசனுக்குத்தானே தெரியாது. தடிக்கு நல்லாத் தெரியுது."

குப்பைத்தொட்டியடியில் கிழவர் இத்தாலிய மொழியில் கேட்டார்: "எங்கே நிற்கிறோம்?"

"கற்கப்பல் இருந்த இடத்தில், சிஞ்ஞோர்," என்றான் தனுசன், குரலை இறக்கி. "கல்லையெல்லாம் இயந்திரத்தால் வாரிவிட்டார்கள். இப்போது கார் நிறுத்துகிறார்கள்."

கிழவரின் தடி கைநழுவி விழுந்தது. தனுசன் அதை எடுத்துக் கொடுக்கவில்லை. பத்திரிகைக் கடையடிக்கு வந்ததும் இன்னும் மெதுவாகச் சொன்னான்:

"சிற்றாலயமும் விழுந்துவிட்டது, சிஞ்ஞோர்."

"அது மாசியிலேயே விழுந்துவிட்டது," என்றார் கிழவர். "உன் அப்பா சொன்னான். பாறை பிளந்ததும் காற்றாலை எரிந்ததும் அவன் சொல்லித்தான். நான் அடிக்கிற நாளில்தான் எதுவும் விழும். அவனும் இப்படித்தான், உன்னைப் போலவே மெதுவாகச் சொல்வான்."

தனுசன் நாற்காலியை நிறுத்தினான்.

"கற்கப்பலை மட்டும் அவன் தொடவில்லை. எவ்வளவு அடித்தும் தொடவில்லை."

"பகிடிக்குச் சொன்னேன், சிஞ்ஞோர். கல்லெல்லாம் இருக்கிறது. ஒன்றும் அசையவில்லை."

"இருக்கலாம். எனக்கு இப்போது கார்கள்தான் தெரிகின்றன." கிழவர் முகத்தை அவன் பக்கம் திருப்பினார். "உன் அப்பாவுக்கு இதை நான் சொல்லட்டுமா, நீ சொல்கிறாயா?"